கன்று கிடைத்ததா? ஒரு தொடக்கப் பள்ளிக்குக் கதைப் புத்தகங்கள் தேர்ந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

தஞ்சாவூர் மாவட்டத்தில் கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதியில் இருக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்காக, 2023–24ஆம் கல்வியாண்டில் இரண்டு முறை கதைப் புத்தகங்கள் வாங்கினோம். முதல் முறை வாங்கியவற்றில் பெரும்பாலானவை அலமாரியிலேயே தங்கின. இரண்டாம் முறை வாங்கியவை அலமாரிக்குத் திரும்பி வருவதே அரிதாக இருந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தாம், இரண்டாம் முறை செலவிட்ட பணம் முதல் முறையைவிடக் குறைவுதான். மாறியது நாங்கள் தேர்ந்த விதம். தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இந்தப் பள்ளியின் நூலக நேரத்தை வாரத்தில் இரண்டு நாள் கவனித்துவரும் நான், புத்தகம் வழங்கும் பதிவேட்டையும் என் குறிப்பேட்டையும் அருகில் வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தை இங்கே எழுதுகிறேன்.

பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் 15,000 ரூபாய் தந்து, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள 41 பிள்ளைகளுக்கும் நல்ல கதைப் புத்தகங்கள் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். பாதிப் பணத்தை உடனே செலவிடுவது, மீதியை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்வது என்று தலைமையாசிரியையும் நானும் முடிவுசெய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கண்காட்சிக்குப் போனோம். போகும்போதே ஒரு தாளில் இரண்டு தலைப்புகள் எழுதியிருந்தோம். ஒன்று அன்பை வளர்க்கும் கதைகள், மற்றொன்று துணிவை வளர்க்கும் கதைகள். இந்த இரண்டையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்ததே எங்கள் முதல் பிழை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு எங்கள் கை எந்தப் புத்தகங்களை நோக்கி நீண்டது என்பதை நினைத்துப் பார்க்கிறேன். 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அம்புலிமாமா எங்கள் வீடுகளுக்கு மாதந்தோறும் வந்துகொண்டிருந்த காலத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியவர்கள் நாங்கள் இருவரும். ஆகவே அரசர், மந்திரவாதி, மாயக்குகை என்று அட்டையில் கண்டவற்றையெல்லாம், உள்ளே நான்கு வரிகூடப் படிக்காமல் எடுத்தோம். நம்மை மகிழ்வித்தது இவர்களையும் மகிழ்விக்கும் என்ற எண்ணத்தில் அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்பு நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தின் மேல் வைத்தது, எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் மேல் வைத்தது அன்று. அதன்பின் நீதிக்கதைத் தொகுப்புகளும், வழவழப்பான கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகங்களும் வாங்கினோம். விலை உயர்ந்தால் தரமும் உயர்ந்திருக்கும் என்று நம்பினோம்.

மூன்று மாதம் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தபோது வாங்கிய 60 புத்தகங்களில் பெரும்பகுதி ஒரே ஒருமுறை வெளியே போய், மறுநாளே திரும்பியிருந்தது. பதிவேட்டைவிடப் புத்தகங்களே தெளிவாகப் பேசின. படிக்கப்பட்ட புத்தகத்தின் வலப்பக்கக் கீழ்மூலை கறுத்திருக்கும், முதுகு மடிந்திருக்கும், ஏதோ ஒரு பக்கத்தில் சோற்றுப் பருக்கையோ குழம்புத் துளியோ காய்ந்திருக்கும். எங்கள் புத்தகங்களில் அப்படிப்பட்ட அடையாளம் ஒன்பதில்தான் இருந்தது. மற்றவை கடையில் இருந்த பளபளப்போடு அப்படியே இருந்தன. ஒரு பள்ளி நூலகத்தில் அழுக்குப் படாத புத்தகத்தைப் போல மனத்தை வருத்துவது வேறில்லை.

ஏன் படிக்கவில்லை என்று பிள்ளைகளைக் கேட்டால் "நல்லாருக்கு டீச்சர்" என்பார்கள். ஆசிரியரிடம் வேறு என்ன சொல்வார்கள்? எனவே கேட்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராக அருகில் உட்காரவைத்து, அவர்கள் திருப்பித் தந்த புத்தகத்தையே எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். காரணம் இரண்டு பிற்பகல்களில் தெரிந்துவிட்டது.

நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காட்டுக்குள் வழிதவறிய இளவரசனின் கதையை எடுத்தான். முதல் பத்தியிலேயே "அவ்விருளடர்ந்த கானகத்தினூடே" என்பது போன்ற ஒரு சொற்கட்டு வந்தது. அவன் அவ்–வி–ரு–ள–டர் என்று எழுத்துக்கூட்டி வால்பகுதிக்கு வருவதற்குள் தலைப்பகுதி மறந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். மூன்றாவது முயற்சியில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அதே இடம் "இருட்டான அந்தக் காட்டு வழியாக" என்று இருந்திருந்தால் அவன் அந்நேரம் இளவரசனோடு காட்டுக்குள் போயிருப்பான். தமிழில் சொற்கள் புணர்ந்து நிற்பது மொழியின் அழகு என்று வாழ்நாள் முழுவதும் வகுப்பில் சொல்லி வந்தவள் நான். அந்த அழகை நுகரும் வயதும் பழக்கமும் பிறகு வரும். எட்டு வயதில் அது கதையின் வாசலில் போட்ட தாழ்.

அச்சிலும் ஒரு தடை இருந்தது. வரி முடியும் இடத்தில் இடம் போதாவிட்டால் சொல்லை இடைக்கோடுகூடப் போடாமல் முறித்து அடுத்த வரிக்குத் தள்ளுவது தமிழ் அச்சில் பரவலான வழக்கம். "ஓடிக்கொண்டிருந்" என்று ஒரு வரியும் "தான்" என்று அடுத்த வரியும் நின்றால் நாம் கண்ணைச் சிமிட்டும் நேரத்தில் ஒட்டிக்கொள்கிறோம். புதிதாகப் படிக்கும் பிள்ளையோ "தான்" என்பதைத் தனிச்சொல்லாகப் படித்துவிட்டு, யார் தான் என்று குழம்புகிறது. சாகசக் கதைக்கு விரைவுதான் உயிர் என்றால், அந்த விரைவு நிகழ்ச்சியில் மட்டும் இருந்து பயனில்லை, அச்சான வரியிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கத்தின் வலது ஓரத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். இப்போது குழந்தைகளுக்கான எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

உரையாடல்கள் பற்றி என் கருத்தும் பாதி மாறியது. கதைமாந்தர் பேச்சு வழக்கில் பேசினால் பிள்ளைகளின் தமிழ் கெட்டுவிடும் என்று நான் ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பினர் அத்தகைய கதையைப் படித்தபோது குரல் மாற்றி, கை ஆட்டி, பாட்டியாகவே ஆகிவிட்டார்கள். கதையின் வெப்பம் பெரும்பாலும் அந்தக் குரல்களில்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் வகுப்பினருக்கு அதே பக்கம் கடினமாக இருந்தது. "கிடைத்தது" என்ற எழுத்து வடிவத்தை அவர்களின் கண் பாடநூலில் பார்த்திருக்கிறது. "கெடச்சுது" என்பதைக் காதுதான் அறியும், கண் அறியாது. ஆகவே பேச்சு வழக்கு மிகுந்த கதைகளை மூன்றாம் வகுப்புக்கு நாம் படித்துக் காட்டவும், ஐந்தாம் வகுப்பு தானே படிக்கவும் என்று பிரித்துக்கொண்டோம்.

இங்கே பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தைச் சொல்ல வேண்டும். அதன் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று அட்டையில் போடாமல் வினைச்சொற்களைப் போட்டது எவ்வளவு சரியான முடிவு என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். எங்கள் பள்ளியில் "பற" நிலையில் படித்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. ஐந்தாம் வகுப்பில் சிலர் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வகுப்பு எண்ணைக் கொண்டு புத்தகம் கொடுத்திருந்தால் அவள் சலித்திருப்பாள், அவர்கள் வெட்கப்பட்டிருப்பார்கள்.

மொழித் தடை இல்லாத புத்தகங்களும் சில ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் பல, நாங்கள் அன்புக் கதைகள் என்ற தலைப்பில் வாங்கியவை. செருப்பில்லாமல் வரும் ஏழைச் சிறுவனுக்குப் பணக்கார வகுப்புத் தோழன் செருப்பு வாங்கித் தருவது, கிழிந்த சட்டைச் சிறுமிக்குப் பக்கத்து வீட்டு அம்மா புதுச் சட்டை தருவது என்ற வகைக் கதைகள் அவை. நானும் தலைமையாசிரியையும் கண் கலங்கி வாங்கினோம். அந்தச் செருப்பில்லாத சிறுவன் எங்கள் பள்ளியில் படிக்கிறவன் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தன்னை இரக்கத்துக்குரியவனாகக் காட்டும் கதையை எந்தப் பிள்ளை மீண்டும் எடுத்துப் படிக்கும்? இரக்கத்தை அன்பு என்று எடுத்துக்கொண்ட பிழை எங்களுடையது; இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இரண்டாம் முறை தேர்வதற்கு முன் வழிமுறையை மாற்றினோம். வாங்குவதற்குமுன் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படி கையில் இருக்க வேண்டும் என்பதால், அருகிலிருந்த பொது நூலகத்திலும் தெரிந்த ஆசிரியர்களிடமும் இரவல் பெற்றோம். ஸ்டோரிவீவர் என்ற இணையத் தளத்திலிருந்தும் சில கதைகளைப் பதிவிறக்கினோம். குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய அந்தத் தளத்தில் தமிழ்க் கதைகளும் நிறைய உண்டு. திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால் யாரும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவற்றில் மொழிபெயர்ப்புகள் மிகுதி என்பதால் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின்னரே எடுத்தோம். வாயில் தடுக்கும் வரி பிள்ளையின் மனத்திலும் தடுக்கும்.

பின்பு வேப்பமரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒவ்வொரு கதையிலும் முதல் இரண்டு பக்கங்களை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்தேன். எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் எந்தக் கதையைப் பற்றிப் பிள்ளைகளே வந்து விசாரிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன். ஒரு கதையில் ஒன்பது வயதுச் சிறுமி, மேய்ச்சலிலிருந்து திரும்பாத கன்றைத் தேடி அந்தி நேரத்தில் ஏரிக்கரை மேல் தனியாகப் போகிறாள். வீட்டில் அவளுடைய பாட்டி விளக்கை ஏற்றித் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். மறுநாள் காலை நான் பள்ளி வாசலில் மிதிவண்டியை நிறுத்துவதற்குள் நான்கு பேர் ஓடி வந்து, "டீச்சர், கன்னுக்குட்டி கெடச்சுதா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஒரு பையன், வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்களா என்று கேட்டான். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தபின் அந்தக் கால்வாயைக் கடப்பது எவ்வளவு ஆபத்து என்பது அவனுக்குத் தெரியும். கதை அவனை அவன் அறிந்த ஆபத்தின் விளிம்பில் நிறுத்தியிருந்தது.

அந்தக் கேள்விகளைக் கேட்டபின்தான் எங்கள் இரு பட்டியல்களும் ஒன்றாயின. அந்தச் சிறுமி ஏரிக்கரையில் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் பிள்ளைகளின் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் இருட்டு மட்டும் அன்று, திண்ணையில் எரியும் விளக்கும்தான். காத்திருக்க ஒருவர் இருப்பதால்தான் வெளியே போவது சாகசமாகிறது; இல்லாவிட்டால் அது வெறும் அலைச்சல். அதேபோல், ஒருவர் இருட்டுக்குள் போன பிறகுதான் பாட்டியின் அன்பும் பிள்ளைக்கு உறைக்கிறது. எதுவும் நேராத வீட்டில் பாட்டி கொஞ்சிக்கொண்டே இருக்கும் கதையை அவர்கள் கொட்டாவியோடு கேட்டார்கள். முதல் முறை வாங்கி அழுக்கேறியிருந்த அந்த ஒன்பது புத்தகங்களை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஏழில் யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார், யாரோ ஒருவர் அவருக்காகக் காத்திருக்கிறார். மீதி இரண்டும் சிரிப்புக் கதைகள்.

செயலை யார் செய்கிறார் என்பதும் முக்கியமாகப்பட்டது. கடைசி நேரத்தில் அரசரோ முனிவரோ காவலரோ வந்து காப்பாற்றிய கதைகளைப் பிள்ளைகள் கேட்டு முடித்தார்கள், ஆனால் திரும்பக் கேட்கவில்லை. சிறுமியே கன்றின் கழுத்து மணியோசையைக் கேட்டு, புதர் எந்தப் பக்கம் என்று தானே முடிவுசெய்த கதையை மூன்று முறை படிக்கச் சொன்னார்கள். பெண்பிள்ளை நாயகியாக இருந்தால் ஆண்பிள்ளைகள் எடுக்க மாட்டார்கள் என்ற அச்சம் தலைமையாசிரியைக்கு இருந்தது. பதிவேட்டில் அந்தப் புத்தகத்தை எடுத்தவர்களில் பாதிப்பேர் ஆண்பிள்ளைகள். கதை முடிந்தபின் தனிப் பெட்டி போட்டு நீதி எழுதியிருந்த பக்கங்களைப் பிள்ளைகள் யாருமே படிக்கவில்லை. ஒரு சிறுமி அந்தப் பெட்டியின் மேல் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

அச்சம் தரும் கதைகளில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. புயலில் தன் ஆட்டுக்குட்டிகளைக் காப்பாற்றும் சிறுவனின் கதை ஒன்றைத் தலைமையாசிரியை வேண்டாம் என்றார். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது எங்கள் பிள்ளைகள் மூன்று, நான்கு, ஐந்து வயதினர். பலர் அந்த இரவைக் கூரை பறந்த வீட்டில் கழித்தவர்கள். மறந்ததைக் கிளற வேண்டுமா என்பது அவருடைய கேள்வி, அது நியாயமான கேள்வியும்கூட. நான் அதை எல்லோருக்கும் முன்னால் படிக்காமல், முதலில் ஐந்தாம் வகுப்பில் மட்டும், கதை எப்படி முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படித்தேன். ஆட்டுக்குட்டிகள் பிழைத்துவிடும் என்று தெரிந்த பிறகும் அவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். முடிந்ததும் ஒருவன் தன் வீட்டுத் தென்னைகள் விழுந்த கதையைச் சொன்னான். இன்னொருத்தி, தன் அப்பா தங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்த கதையைச் சொன்னாள். அன்று வகுப்பு முடிய மணி அடித்தும் யாரும் எழவில்லை. அந்தப் புத்தகத்தில் மூன்று படிகள் வாங்கினோம்.

மற்றொரு கதையில் தலைமையாசிரியை சொன்னதே சரி. தாய் இறந்துபோகும் கதை அது, அழகாக எழுதப்பட்டது. அந்த ஆண்டில் தாயை இழந்த பிள்ளை ஒன்று எங்கள் பள்ளியில் இருந்தது. புயலைப் பகிர்ந்துகொள்ள ஊரே இருந்தது. இந்தத் துயரத்தில் அந்தப் பிள்ளை தனியாக இருந்தது. அந்தப் புத்தகத்தை வாங்கினோம், ஆனால் பொது அலமாரியில் வைக்காமல் ஆசிரியரின் மேசை இழுப்பறையில் வைத்தோம். அந்தப் பிள்ளை கேட்கும் நாளில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம் என்பது எண்ணம்.

கட்டுமானத்தைப் பற்றியும் சில சொற்கள். முதுகில் பசை மட்டும் போட்டு ஒட்டிய தடித்த புத்தகங்கள் பத்துக் கைகள் மாறியதும் தாள் தாளாக உதிர்ந்தன. நடுவில் கம்பிப் பின் அடித்த 16 அல்லது 24 பக்கப் புத்தகங்கள் தாங்கின. பின் கழன்றாலும் ஊசி நூலால் தைத்துவிடலாம். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றின் விலையில் இவ்வகையில் ஐந்தாறு வாங்க முடிந்தது. 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலய வரிசை போன்ற மலிவுப் பதிப்புகள் இதற்கு மிகவும் உதவின. ஒரே தலைப்பில் இரண்டு மூன்று படிகள் வாங்கியதும் பயன் தந்தது. ஒருவர் படித்ததை மற்றவரும் அதே வாரம் படித்தால் மதிய உணவு நேரத்தில் அதைப் பற்றிப் பேச்சு எழுகிறது, அந்தப் பேச்சைக் கேட்ட மூன்றாவது பிள்ளை புத்தகத்தைத் தேடி வருகிறது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது இன்னொன்று. இரண்டாம் முறை வந்த புத்தகங்கள் கைமாறிக்கொண்டிருந்தபோது, முதல் முறை வாங்கி ஒதுக்கப்பட்டவற்றுக்கும் வாசகர்களைத் தேடினோம். மாயக்குகைக் கதைகளை நானே எளிய சொற்களில் மாற்றிக் கதையாகச் சொன்னேன். கதையைக் காதால் கேட்டுவிட்ட பிறகு, அந்தக் கடினமான வரிகளைத் தாமே படித்துப் பார்க்கச் சிலர் முன்வந்தார்கள். "கானகம்னா காடுதானே டீச்சர்" என்று கேட்டவன், முன்பு என் முகத்தை நிமிர்ந்து பார்த்த அதே சிறுவன்.

தீராத குறை ஒன்று இருக்கிறது. "பற" நிலையைத் தாண்டிய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, 60 முதல் 100 பக்கம் வரை, அத்தியாயம் அத்தியாயமாக ஓடும், எழுத்து சற்றுப் பெரிதாக, சொற்கள் பிரிந்து அச்சான தமிழ்ச் சாகசக் கதைகள் எனக்குப் போதுமான அளவில் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் பல, நகரத்துச் சிறுவர்கள் கோடை விடுமுறையில் கிராமத்துக்கு வந்து மர்மத்தைக் கண்டுபிடிப்பதாக இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் அவற்றில் வழிகாட்டவும் வியக்கவும் மட்டுமே வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கவனித்தார்கள். அந்த ஊர்ப் பையனுக்குத்தானே அந்த இடமெல்லாம் தெரியும், அவன் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று ஒருத்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. குழந்தைகளுக்காக எழுதுகிறவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அவளுடைய கேள்விக்கு அவர்கள் ஒரு கதையால் பதில் சொல்ல வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்கொடையில் 2,300 ரூபாயை நாங்கள் செலவிடாமல் வைத்திருந்தோம். ஜூன் மாதம் இரண்டாம் வகுப்பிலிருந்து புதிய பிள்ளைகள் மூன்றாம் வகுப்புக்கு வருவார்கள். அவர்கள் எந்தக் கதையைப் பற்றி மறுநாள் வந்து விசாரிக்கிறார்கள் என்பது தெரிந்த பிறகு அந்தப் பணத்தை எடுப்பது என்று முடிவு. கன்றைத் தேடிய சிறுமியின் கதையில் ஒரு படி அட்டை போய்விட்டதால், கல்யாணப் பத்திரிகையின் கெட்டித்தாளை வெட்டி அட்டையாகத் தைத்து, அதன் மேல் படம் வரையும் வேலையை நான்காம் வகுப்பினர் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வரைந்த படத்தில் கன்று இல்லை. திண்ணையும் விளக்கும் பாட்டியும் இருந்தார்கள்.